புருவத்தில் ஒட்டிய சர்க்கரை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் வில்னியூசில் நலமாகத்தான் இருக்கிறேன், தூக்கம்தான் போதவில்லை. வீட்டுக்கு எழுதினால் அம்மாதான் முதலில் பிரிப்பாள். அதனால் ஸ்டெர்யோ மாமாவின் காபிக் கடைக்கு அனுப்புகிறேன்.

புனித வர்வாராவின் திருநாளான என் பெயர்நாளுக்கு அம்மா செய்த குராபியே பிஸ்கட் வந்தது. நம் வழக்கப்படி பெயர்நாள்காரி நானே ஆய்வகத்தில் எல்லாருக்கும் கொடுத்தேன். நானும் ஒன்றைக் கடித்தேன். மேலே தூவிய சர்க்கரைப் பொடி பறந்து புருவத்தில் ஒட்டியது தெரியாமல் வேலைக்குக் குனிந்துவிட்டேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். சிப்பில் இரண்டு உலோக முனைகள், நடுவே துளி இடைவெளி. லேசர் சுடுகிற முனையிலிருந்து, மயிரைவிடப் பல மடங்கு மெல்லிய கார்பன் குழாய் வளர்ந்து மறுமுனையைத் தொடவேண்டும். இந்த முறை இடைவெளியில் சர்க்கரை விழுந்து கருகிவிட்டது. எங்கள் தலைவர் ரிமாந்தாஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, "என்னம்மா வர்வாரா, குழாய் வளர்க்கச் சொன்னா மிட்டாய் காய்ச்சி வச்சிருக்கே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

அது கடைசி சிப். இனி முதலிலிருந்து செய்யவேண்டும். கிறிஸ்துமசுக்கு வர முடியாது அப்பா.

கம்பளிச் சாக்ஸ் இருந்தால் அனுப்புங்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் சுற்றி அனுப்புங்கள், பழையதானாலும் பரவாயில்லை.

லேசர் தயாராம், கூப்பிடுகிறார்கள். அம்மாவிடம் லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் அடுத்த முறை சர்க்கரை தூவாமல் அனுப்பிவிடுவாள்.

உங்கள்
வர்வாரா