வெளியே முளைத்த வயிறு

ஆகஸ்ட் 4
இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். முட்டைக்காகப் பிடித்துவந்த கடல் முள்ளெலிகளின், அந்த முள்ளுருண்டைகளின் முகத்தைப் பார்த்தவுடன் சொன்னேன். (அவற்றுக்கு முகமே கிடையாது என்கிறாள் என் தங்கை மகள் யாஸ்னா. பார்க்கத் தெரிந்தவனுக்கு உண்டு.)
மூன்றாம் தடவையும் குஞ்சுகள் போயின. முட்டை முதலில் வெற்றுப் பந்தாகும். பிறகு அதன் அடிப்பக்கம், பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினதுபோல உள்ளே குழியும். அந்தக் குழிதான் முதல் குடல். எங்கள் குஞ்சு வளர்ப்புக் கொட்டகையில் அது உள்ளே போகாமல், சட்டைப்பையை இழுத்து விட்டதுபோல வெளியே நீள்கிறது. அப்புறம் எதைத் தின்னும், எங்கே வைக்கும்?

ஆகஸ்ட் 6
முக்குளிப்போர் சங்கத் தலைவன் எர்மெஸ் வந்தான். "ஏம்பா ஒஸ்மான், உன் மருமக குஞ்சு வளக்குறாளா, சூப்பு வைக்கிறாளா?" மூழ்கி எடுத்து விற்கக் கடலடியில் முள்ளெலி தீர்ந்துபோன எரிச்சல் அவனுக்கு. கொட்டகையை மூடலாமா என்று சனிக்கிழமை சங்கத்தில் ஓட்டு.
யாஸ்னா சாப்பிடவில்லை. "என் கைதான் சரியில்ல மாமா."

ஆகஸ்ட் 7
துறைமுகத் தண்ணீரில் தாமிரத் தூசு, குஞ்சுக்கு ஆகாது. அதனால் உப்பைக் கரைத்துக் கடல்நீரை நாங்களே செய்கிறோம். உப்பு என் பொறுப்பு. நாக்கில் வைத்தே எந்த ஊர் உப்பென்று சொல்ல இந்தக் கரையில் என்னை விட்டால் ஆள் இல்லை.
"மாமா, லித்தியம் கலந்தாலும் வயிறு இப்படி வெளிய வரும். உப்பு எங்க வாங்குனீங்க?"
"தெக்கத்தி வியாபாரி. வலது கண்ணு கிடையாது. சுத்தமான கடல் உப்பு."
"நம்பர் குடுங்க, பேசணும்."
செத்துப்போய்விட்டார் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 8
யாஸ்னா ஊரை விட்டுப் போகப் பெட்டி கட்டுகிறாள்.

ஆகஸ்ட் 9
சங்கத்தில் எழுந்து கத்தினேன்: "புள்ள மேல தப்பில்ல! செத்துப்போன அந்த ஒத்தக்கண்ணன் பாலைவன உப்பைக் கலந்து ஏமாத்திட்டான்!" எல்லோரும் செத்தவனைத் திட்டினார்கள். வேறு உப்பில் ஒரு தடவை பார்க்கலாம் என்று ஓட்டைத் தள்ளிப்போட்டார்கள். யாஸ்னா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 15
இந்தத் தடவை எர்மெஸே வாங்கி வந்த உப்பு. யாஸ்னா என்னை நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாள். குழி உள்ளே! ஒவ்வொன்றிலும் உள்ளே! "நான் அப்பவே சொன்னேன்ல?"
"ஆமா மாமா. அந்த வியாபாரிக்கு எந்தக் கண்ணு போச்சு?"
"இடது."
அவள் பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி கொடியில் போட்டாள். மேலே கேட்டிருந்தால் இன்னொரு கதை சொல்லியிருப்பேன்.
அடகாமா பாலைவனத்தில் லித்தியம் எடுக்கிற பாத்தியோரம் என் சகலை சும்மா அள்ளிக் கொடுத்த உப்பு மூட்டை அது. ஒற்றைக்கண் வியாபாரி என்று ஒருவன் இருந்ததும் இல்லை, செத்ததும் இல்லை.