மடியில் வைக்காத மாமனுக்கு

அண்ணே,

டாக்டர் கொடுத்த சீட்டு மேசைமேல் கிடக்கிறது. நோயின் பெயர் இங்கிலீஷில் ஒரு முழ நீளம். அதன் கீழே ஒரு மருந்துகூட எழுதவில்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

என் மகளுக்கு இருபது வயதில், உங்கள் நெஞ்சில் இருந்த அதே சின்னச் சின்னக் கட்டிகள். காரைக்குடியில் தோல் டாக்டரம்மா ஒன்றைக் கீறி, எண்ணெய் மாதிரி வந்ததைக் காட்டினார். சோதனைக்கு அனுப்பி, முடிவு வந்ததும் கூப்பிட்டார். "அபூர்வமா சிலருக்கு வரும். எண்ணெய்ச் சுரப்பியில வர்ற கட்டிதான். கேன்சரும் இல்ல, ஒட்டவும் ஒட்டாது. பரம்பரையா வர்றது. அதுபாட்டுக்கு இருக்கட்டும்."

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது.

குன்றக்குடியில் இவளுக்கு முடியெடுத்துக் காது குத்திய அன்று சீரெல்லாம் குறைவில்லாமல் கொண்டுவந்தீர்கள். மாமன் சட்டையில்லாமல் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைப்பதுதான் நம் வீட்டு வழக்கம். அந்த நேரம் பார்த்து ஒதுங்கிக்கொண்டீர்கள்.

"டாக்டர்ட்ட காட்டுனீகளாண்ணே?" என்றேன்.

"என்னத்தக் காட்ட? பிள்ளைக்கு ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்கு எவன் கட்டுவான்? பெரியப்பா மகனை உக்காரச் சொல்லு."

அவர் மடியில் அவள் வீரிட்டு அழுதாள். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றீர்கள். அதற்குப் பிறகும் அவளை ஒருநாள் தூக்கவில்லை.

ஒட்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஒருவரும் சொல்லவில்லை. ஊரார் வரப்புத் தகராறையெல்லாம் விசாரித்துத் தீர்த்த மனுஷன், தன் உடம்புக்கு மட்டும் விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிக்கொண்டீர்கள். மெடிக்கலில் சிரங்குக் களிம்பு வாங்கிப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டதுதான் மிச்சம். மதுரைக்கு ஒரு பஸ் ஏறியிருக்கக் கூடாதா? வீம்பு.

நான் மட்டும் என்ன யோக்கியம்? மடியில் வைக்கச் சொல்லி வாயால் கெஞ்சினேனே தவிர, நீங்கள் விலகியதும் உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கிளம்பும்போது டாக்டரம்மா, "நீங்க கையக் காட்டுங்கம்மா" என்றார். மேல்கையில், உள்பக்கமாக, நாலு உருண்டை. கொழுப்புக்கட்டி என்று நான் கண்டுகொள்ளாமல் விட்டவை. அழுத்திப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட இருந்துதான் போயிருக்கு" என்றார்.

இந்தக் கையில்தான் அண்ணே, அவளை இறக்காமல் வளர்த்தேன்.