நீ கனவு கண்டிருப்பே

மார்ச் 3

குட்டியின் அம்மாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்டால் அதற்கும் கோபப்படுவாய், ஆகையால் கேட்கவில்லை. போனை எடுக்க மாட்டாய், எழுதினால் படிப்பாய் என்று நம் மகள் சொன்னாள். கட்டின பெண்டாட்டிக்குத் தபாலில் சேதி சொல்ல வேண்டிய நிலைமை எனக்கு. சரி, எழுதுகிறேன்.

போன வாரம் குட்டி என்னைத் தூக்கப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். பார்த்தால் லாட்ஜ் அறை மாதிரி இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, கூரையில் ஒரு கேமரா. டெக்னீஷியன் பெண் ஒருத்தி வந்து தலை முழுக்கப் பசை வைத்து ஒயர் ஒட்டினாள். கண்ணோரம், தாடை, மார்பு, கால் எதையும் விடவில்லை. "இவ்வளவு ஒயரோட எப்படிம்மா தூங்குறது?" என்றேன். "எல்லாரும் இதையேதான் கேக்குறாங்க சார். அப்புறம் குறட்டை விடுறாங்க" என்றாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மனுஷன் கனவு காணும்போது மூளை பகல் மாதிரியே வேலை செய்யுமாம். கனவில் ஓடினால் கால் நிஜமாகவே ஓடிவிடக் கூடாது இல்லையா? அதற்காக மூளையின் அடித்தண்டு உடம்பு முழுக்கப் பூட்டுப் போட்டு வைக்கிறது. கண்ணும் மூச்சும் மட்டும்தான் அசையும். எனக்கு அந்தப் பூட்டு விழுவதில்லை. "நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? மோட்டார் ஓடுது, பிரேக் பிடிக்கல. அவ்வளவுதான்" என்றார் டாக்டர். கனவு நேரத்தில் மெஷின் வரைகிற தாடைத் தசைக் கோடு நூல் பிடித்த மாதிரி நேராக இருக்க வேண்டுமாம். என்னுடையது குழந்தை கிறுக்கின மாதிரி இருந்தது. வீடியோவும் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டு ஒருத்தன் கட்டில் கம்பியைக் குத்து குத்தென்று குத்துகிறான். நான்தான்.

ஆக, நான் உன்னை அடிக்கவில்லை. இதை மச்சானிடம் போய்ச் சொல். வாசலில், அக்கம்பக்கம் பார்க்க, என் சட்டைக் காலரைப் பிடித்து "பொம்பளை மேல கை வைக்கிறவன்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டாரே உன் அண்ணன், அவர் வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். வீடியோவை வேண்டுமானால் அனுப்பி வைக்கிறேன், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். எத்தனை நாள் தலை குனிந்து வேலைக்குப் போனேன் என்று உனக்குத் தெரியுமா?

மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நீ கிளம்பி வா.

இப்படிக்கு,
எந்தத் தப்பும் செய்யாத உன் கணவன்


மார்ச் 11

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் கிழித்துப் போடத் தோன்றியது. ஒரு கையால் கிழிக்க வரவில்லை. இடது கை இன்னும் தோளுக்கு மேல் எழும்பவில்லை. அண்ணன் வீட்டிலிருந்து ரயிலில் போய் நான் வேலை பார்க்கிற பல் கட்டும் கூடத்தில், அலமாரி மேல் தட்டில் இருக்கிற மாவு அச்சுகளை இப்போது எனக்குப் பக்கத்துப் பெண்தான் எடுத்துத் தருகிறாள்.

எழுத்தில் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. வாயால் பேசினால் மறுநாள் "நான் எப்ப அப்படிச் சொன்னேன்?" என்பீர்கள்.

நீங்கள் வேண்டுமென்று அடித்தீர்கள் என்று நான் யாரிடம் சொன்னேன்? அண்ணனிடம்கூட "அவர் தூக்கத்துல பண்றாருண்ணே" என்றுதான் சொன்னேன். அவர் நம்பவில்லை, அது அவர் கோபம். என் கோபம் வேறே. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் இரண்டு பக்கம் மூளையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

முதல் தடவை என் உதடு கிழிந்தது ஞாபகம் இருக்கிறதா? தலையணை உறையெல்லாம் ரத்தம். "என்னங்க, என்னை அடிச்சீங்களே" என்றேன். "நானா? நீ கனவு கண்டிருப்பே. கட்டில்ல முட்டிக்கிட்டே" என்றீர்கள். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். நானும் போய்க் கட்டில் விளிம்பைத் தடவிப் பார்த்தேன்.

அதற்கப்புறம் எத்தனை காலை! கண் வீங்கினால் "கனவு". விலாவில் கன்றிப்போனால் "உனக்கு ரத்தம் சரியில்லை". கடைசியில் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனீர்களே, என்னை! பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்கும்போதே "ராத்திரியானா என்னென்னமோ கற்பனை பண்றா டாக்டர், பாவம்" என்றீர்கள். அந்தப் "பாவம்" இன்னும் என் காதில் இருக்கிறது. அவரும் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீங்களே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள்.

அதற்கு முன்னால் நீங்கள் திமிறத் தொடங்கியதும் எனக்கு விழிப்பு வந்துவிடும், தலையணையோடு ஹாலுக்குப் போய்விடுவேன். மாத்திரை போட்ட பிறகு விழிப்பு வரவில்லை. தோளில் காறை எலும்பு முறிந்தது மாத்திரை போட்டுக்கொண்டு மரக்கட்டையாகக் கிடந்த ராத்திரியில்தான். அந்த வலிக்குக்கூட உடனே எழுந்துகொள்ள முடியவில்லை எனக்கு.

அதைவிடக் கொடுமை, நான் பெற்றவளே "அம்மா, மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள். நான் எதைச் சொன்னாலும் அதுதான் பதில்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இந்த வியாதி உள்ளவர்கள் குத்தும்போது விழித்துக்கொண்டால், என்ன கனவு என்பதை அப்படியே சொல்லிவிடுவார்கள் என்று உங்கள் டாக்டர் சொன்னாராம். குட்டி சொன்னாள். அப்படியானால் உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

குட்டியின் அம்மா


மார்ச் 19

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

உன் கடிதத்தைப் படித்தால் போலீஸ்காரன் எழுதின மாதிரி இருக்கிறது. தெரியுமா, தெரியாதா என்று கேட்டால் என்ன சொல்வது? தூங்குகிறவனிடம் சாட்சி கேட்கிறாய். நான் நோயாளி. அதை முதலில் புரிந்துகொள். காய்ச்சல்காரனைப் பார்த்து "ஏன் அனத்தினே?" என்று யாராவது கேட்பார்களா?

அந்தப் பழைய டாக்டர் நல்லவர் என்றுதான் உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை எழுதியது அவர், நானில்லை. எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதே.

என் மனசு உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். நீ சொன்ன அந்த உதட்டு ராத்திரி. லிஃப்ட் குழிக்குள் நிற்கிறோம், நீயும் நானும். மேலே பெட்டி ஆடுகிறது. எவனோ ஒருத்தன், முகமே தெரியவில்லை, உன் காலைப் பிடித்துப் பள்ளத்துக்குள் இழுக்கிறான். நீ கத்துகிறாய். நான் அவன் மூஞ்சியில் ஓங்கி ஒன்று விட்டேன். விழித்துப் பார்த்தால் என் கைமுட்டி எரிகிறது, நீ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். உன்னைக் காப்பாற்றப் போனவன் நான்! கனவில்கூட உன்னை விட்டுக்கொடுக்காதவனைப் பார்த்து நீ இப்படி எழுதலாமா?

தூக்கப் பரிசோதனை டாக்டர் இன்னொன்றும் சொன்னார். இந்த வியாதி உள்ளவர்களில் பலருக்குப் பல வருஷம் கழித்துக் கைநடுக்க நோய் வருமாம். எல்லாருக்கும் இல்லை, ஆனால் பலருக்கு. ஸ்குரூ டிரைவர் பிடிக்கிற கை இது. குட்டியிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. அதையும் எழுதிவிட்டேன்.

அப்புறம், கூட ஒரே படுக்கையில் படுத்தவர்கள் வந்து எப்போதிலிருந்து, எப்படி என்று சொன்னால்தான் வைத்தியம் சரியாக நடக்குமாம். நீ வர வேண்டும்.

உன்னை எதிர்பார்க்கும்,
குட்டியின் அப்பா


மார்ச் 24

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டேன். உங்களிடம் சொல்லாமல்தான் போனேன். உதைத்தது, கத்தினது, கட்டிலிலிருந்து விழுந்தது, விடியற்காலையில்தான் அதிகம் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே கேட்டார், ஒரு தடவைகூட "அப்படியா, நிச்சயமா?" என்று கேட்கவில்லை. நான் சொல்வதை ஒருத்தர் அப்படியே எழுதிக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குப் புரியாது. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். ஆத்திரத்தில்தான் அழுதேன்.

கைநடுக்கம் பற்றியும் கேட்டேன். வருஷா வருஷம் பரிசோதித்துப் பார்த்துக்கொள்ளலாம், வராமலும் போகலாம் என்றார். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. பயப்படுகிற மனுஷனை நான் என்றைக்கும் விட்டுவிட்டு வந்ததில்லை. ஆனால் நான் பயந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

நீங்களே உங்கள் கையால் எழுதிவிட்டீர்கள். விழித்தேன், கைமுட்டி எரிந்தது, நீ வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய் என்று. லிஃப்ட் குழி ஞாபகம் இருக்கிறது. பெட்டி ஆடினது ஞாபகம் இருக்கிறது. என் ரத்தமும் கண்ணில் பட்டிருக்கிறது. அதற்கப்புறம் விடிந்ததும் காபியை ஆற்றிக்கொண்டே "நீ கனவு கண்டிருப்பே" என்றீர்கள். கனவு கண்டது யார்? நீங்கள். அதை எடுத்து என் தலையில் வைத்தீர்கள்.

உங்கள் கைமேல் எனக்குக் கோபம் இல்லை. அது தூங்கிக்கொண்டிருந்தது. உங்கள் வாய் நன்றாக விழித்துக்கொண்டுதானே இருந்தது? பல் தேய்த்து, முகம் கழுவி, தலை சீவிய பிறகு, நல்ல தெளிவோடு பேசின வாய் அது. அதற்கு எந்த ஒயரை ஒட்டிப் பார்ப்பது?

அடுத்தவர் வீட்டு லிஃப்டில் லேசாகச் சத்தம் வந்தால் ஆளை ஏற விடாமல் பலகை மாட்டுவீர்கள். எனக்கு மாட்டவில்லை. "தள்ளிப் படு, எனக்குள்ள ஏதோ சரியில்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே உங்களைக் கையைப் பிடித்து டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பேன். என் கண்ணைவிட மேலாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆனால் நீங்கள் நல்லவராகவே இருக்க வேண்டும், அதற்கு நான் பைத்தியமாக வேண்டியிருந்தது.

நான் என்னையே நம்பாமல் வாழ்ந்தேன். அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன். ஒரு பல்லின் அளவை நாலு தரம் எடுப்பேன். முதலாளியம்மா "உனக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டால் "எனக்கு நரம்புத் தளர்ச்சி" என்று நானே சொல்வேன்!

எனக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்றுதான். மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உங்கம்மா சொன்னதெல்லாம் நிஜம், எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லுங்கள். என் அண்ணனிடம் வேண்டாம், ஊராரிடம் வேண்டாம். அவளிடம் மட்டும் சொல்லுங்கள். அதன் பிறகு பேசலாம்.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 6

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

நீ கோபத்தில் எழுதினதை நான் மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

நல்ல சேதி. மாத்திரை வேலை செய்கிறது. மறுபடி பரிசோதனைக் கூடத்தில் படுத்தேன். அந்த டெக்னீஷியன் பெண் "சார், ராத்திரி நீங்க பாறாங்கல்லு மாதிரி கிடந்தீங்க" என்று சிரித்தாள். டாக்டருக்கும் திருப்தி. அறையில் கண்ணாடி மேஜையை எடுத்துவிட்டேன், உன் பக்கத்துச் சுவருக்குப் பஞ்சு மெத்தை வைத்துத் தைத்திருக்கிறேன். பயப்பட ஒன்றும் இல்லை.

குட்டி வந்திருந்தாள். ஏதேதோ கேட்டாள். சின்னப் பெண், உனக்கும் எனக்கும் நடுவில் அவளை இழுக்க வேண்டாம் என்று பேச்சை மாற்றிவிட்டேன். சாப்பிடாமல் கிளம்பிவிட்டாள். உன் பிடிவாதம் அப்படியே இருக்கிறது அவளிடம்.

நடந்தது நடந்துவிட்டது. கிளறிக்கொண்டே இருந்தால் யாருக்கு லாபம்? வீடு நீ இல்லாமல் வீடாக இல்லை. பால்காரர்கூட "அம்மா எப்ப வருவாங்க?" என்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து நிற்கிறேன்.

உன்,
குட்டியின் அப்பா


ஏப்ரல் 13

குட்டியின் அப்பாவுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஸ்டேஷனில் நின்றிருந்தால், வெயிலில் நிற்க வைத்ததற்கு வருத்தப்படுகிறேன். தபால்காரர் சனிக்கிழமை பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போன உங்கள் கடிதம் நேற்றுச் சாயங்காலம்தான் கைக்கு வந்தது. முன்னாலேயே வந்திருந்தாலும் நான் வந்திருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டிலிருந்து கிளம்பின குட்டி நேராக இங்கேதான் வந்தாள். உங்களிடம் என்ன கேட்டாள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று சொன்னாள். "அப்பா, அம்மாவை அடிச்சது உங்களுக்கு அப்பவே தெரியுமா?" என்றாளாம். "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா? டீ குடிக்கிறியா?" என்றீர்களாம். இதைச் சொல்லும்போது உங்கள் குரலிலேயே சொன்னாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. சிரிப்பு அழுகையாகிவிட்டது.

"அம்மா, தோளைக் காட்டு" என்றாள். இத்தனை நாளில் அவள் அதைப் பார்த்ததே இல்லை. காறை எலும்பு கோணலாகச் சேர்ந்து மேடு தட்டியிருக்கிற இடத்தில் விரலை வைத்து அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதா?" என்றாள். "வலிக்குது" என்றேன். மாத்திரை போட்டாயா என்று கேட்கவில்லை. என் பக்கத்திலேயே தூங்கினாள்.

உங்களுக்கு உடம்பு குணமாவது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள், டாக்டர் கண்டித்துச் சொன்னார். அந்தக் கட்டில் உயரம், அதைக் கொடுத்துவிட்டு மெத்தையைத் தரையில் போட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட் மெஷின் ரூமுக்குத் தனியாக ஏறாதீர்கள். கை நடுங்குகிற மாதிரி இருந்தால் மறைக்காமல் போய்க் காட்டுங்கள். வருஷப் பரிசோதனைக்கு யாராவது கூட வர வேண்டும் என்றால் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான்.

வீட்டுக்கு வர மாட்டேன். சுவருக்கு மெத்தை தைத்தீர்கள், சந்தோஷம். நான் அந்தச் சுவரில் இடித்துக்கொண்டதே இல்லை.

பல் கட்டும் கூடத்துக்குப் பின்னாலேயே ஒரு அறை பார்த்திருக்கிறேன். முதலாளியம்மா கூடத்து அலமாரித் தட்டுகளை எல்லாம் என் கைக்கு எட்டுகிற உயரத்தில் இறக்கி அடித்துக் கொடுத்துவிட்டார். நாளைக்கு அந்த அறைக்குக் குடி போகிறேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம். இதில் நான் எதையும் கேட்கவில்லை.

குட்டியின் அம்மா