அண்ணியும் நானும் பார்த்த பிரெஞ்சுப் படங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளை எனக்கென்றே எடுத்து வைத்திருந்த அண்ணிக்கு,

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீங்கள் இருந்தபோது எழுதியதே இல்லை. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் கடிதத்துக்கு என்ன வேலை? பஸ் ஏறினால் விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு, அப்புறம் நீங்கள். இப்போதும் அந்த பஸ் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான்தான் ஏறுவதில்லை.

அண்ணியும் நாத்தனாரும் ஒற்றுமையாக இருந்தால் ஊர் லேசில் நம்பாது. "ரெண்டு பேரும் வாரா வாரம் டிவிய போட்டுக்கினு இன்னாதான் பாக்கறீங்க?" என்று எதிர்வீட்டு அம்மாள் கேட்டபோது, பிரெஞ்சுப் படம் பார்க்கிறோம் என்று நீங்கள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டீர்கள். அந்த அம்மாள் அதை என்ன மாதிரிப் படம் என்று நினைத்தாரோ, ரொம்ப நாளைக்கு உங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நாம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அண்ணி!

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் போன பிறகு உங்களுக்கு இருந்தது ஒரே மகள், நித்யா. அவள் பாண்டிச்சேரி மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். தாத்தா காலத்திலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். கல்யாணமான கையோடு பாரிஸுக்குப் பக்கத்தில் போய்க் குடியேறிவிட்டாள். வாரம் தவறாமல் போன் பண்ணுவாள். ஆனால் அந்த போன் உங்களுக்குப் போதவில்லை.

"எப்ப கேட்டாலும் நல்லாருக்கேம்மான்றா. நான் கூடத்தான் அவகிட்ட நல்லாருக்கேன்னு சொல்றேன். அத நம்ப முடியுமா? அந்த ஊரு எப்படி இருக்குதுன்னு நாமளே பாத்துடலாம் மல்லிகா" என்றீர்கள். அப்படி ஆரம்பித்ததுதான் நம் பிரெஞ்சு சினிமாப் படிப்பு.

பள்ளிக்கூடத்தில் நான் இங்கிலீஷ் டீச்சர். திரையில் கீழே ஓடும் இங்கிலீஷைப் படித்து உடனுக்குடன் உங்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். அவர்களோ சாப்பிடும்போது பேசுகிறார்கள், நடக்கும்போது பேசுகிறார்கள், குளிக்கும்போதுகூடப் பேசுகிறார்கள். நான் ஒரு வரி சொல்வதற்குள் அவர்கள் நாலு வரி தாண்டியிருப்பார்கள். "அவ இவ்ளோ நேரம் பேசினா, நீ ஒத்த வார்த்தையில முடிச்சிட்டியே? மிச்சத்த எங்க முழுங்கின?" என்று என்னைத்தான் பிடித்துக்கொள்வீர்கள்.

நான் கதையைப் பார்ப்பேன். நீங்கள் கதைக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பீர்கள். கதாநாயகி கண் கலங்கி நிற்கும்போது, அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் அடுப்பைக் காட்டி, "இதுல தோசக்கல்லு நிக்குமா?" என்பீர்கள். ரயில் நிலையம் வந்துவிட்டால் தொலைந்தது. "நிறுத்து, நிறுத்து! பின்னால ஒரு பொண்ணு போச்சே, நம்ம ஊரு ஜாடயா இருக்குது பாரு." திருப்பிப் போட்டுப் பார்ப்போம். வேறு யாராவதாக இருக்கும். "இருக்கட்டும். அவளும் யாரு பெத்த புள்ளயோ, இந்தக் குளிருல தனியா போய்க்கினு இருக்கா" என்பீர்கள்.

பாதிப் படங்களில் யாராவது கட்டிய புருஷனை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார்கள். உடனே நித்யாவுக்கு போன். "மாப்ள எங்க? போன அவர்கிட்ட குடு." அவர் அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார். அவர் குரலைக் கேட்ட பிறகுதான் உங்களுக்குச் சோறு இறங்கும்.

படம் முடிவதும் அப்படித்தான். ஒருத்தி ஜன்னலோரம் நிற்பாள், திடீரென்று எழுத்து ஓட ஆரம்பித்துவிடும். "நெட்டு கட்டாயிடுச்சா?" என்று கேட்பீர்கள். முடிந்துவிட்டது என்றால் நம்ப மாட்டீர்கள். "சேந்தாங்களா சேரலியான்னு கூட சொல்லாம இன்னா படம் எடுக்கறாங்க?" என்று திட்டிக்கொண்டே காபி போடப் போவீர்கள். காபி வருவதற்குள் நீங்களே ஒரு முடிவைத் தயார் பண்ணியிருப்பீர்கள். உங்கள் முடிவில் எல்லோரும் வீடு திரும்பிவிடுவார்கள், அண்ணி.

அந்தச் சாவு வீட்டுப் படம் நினைவிருக்கிறதா? கிராமத்தில் அம்மா இறந்துபோகிறாள். பட்டணத்திலிருந்து மகள் வருகிறாள். கல்லறையில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. கை கொடுத்துவிட்டுக் கலைந்துபோகிறார்கள். மகள் வீட்டுக்கு வந்து அம்மாவின் தட்டுகளைக் கழுவித் துடைக்கிறாள், ஒரு ஆப்பிளைத் தோல் சீவித் தின்கிறாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

நீங்கள் கொதித்துப் போனீர்கள். "பெத்தவ போய் சேந்துட்டா, இவ ஆப்பிள் துன்றா பாரு! கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல." நான் பெரிய மேதாவி மாதிரி விளக்கம் சொன்னேன். "அவங்க ஊரு துக்கம் அப்படித்தான் அண்ணி. உள்ளுக்குள்ளயே வெச்சிக்குவாங்க. அழறவங்களத் தனியா விட்டுடறதுதான் அங்க மரியாத." நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. நான் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பும்வரை முணுமுணுத்துக்கொண்டே இருந்தீர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள். "நீ சொன்னது சரிதான் மல்லிகா. அந்தப் பொண்ணு தொடச்ச தட்டயே திரும்பத் திரும்பத் தொடச்சிக்கினு இருந்தா. அவளுக்கு அதான் அழுகை போல." இன்னொன்றும் சொன்னீர்கள். "நம்ம நித்யாவும் இப்ப அந்த ஊருக்காரிதான். நாளைக்கு நான் போனா, அவ அழலன்னு யாரும் அவள ஒரு வார்த்த சொல்லக் கூடாது. நீதான் பாத்துக்கணும்." போங்க அண்ணி, நல்ல நாளும் அதுவுமா என்று நான் பேச்சை மாற்றினேன். ஆனால் மனதில் வாங்கிக்கொண்டேன்.

இவ்வளவு சீக்கிரம் வேலை வைப்பீர்கள் என்று யார் கண்டது?

காலையில் பால் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. பால்காரர்தான் எனக்கு போன் பண்ணினார். நித்யா வந்து சேரும்வரை உங்களை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தோம். குளிர் ஆகாத உடம்பு உங்களுக்கு. மார்கழியில் காதில் துணி கட்டிக்கொண்டு தூங்குகிறவர். அந்தக் கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆறவில்லை.

நித்யா காரிலிருந்து இறங்கினாள். முகம் காய்ந்து கிடந்தது. உங்களைப் பார்த்தாள், அசையாமல் நின்றாள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? மகள் வந்தால் பெண்டுகள் எல்லோரும் எழுந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தலையோடு தலை சேர்த்து அழுவார்கள். உங்கள் கண்டமங்கலத்து அக்கா, "என் தங்கமே, உன் ஆத்தா போயிட்டாளேடி" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் குறுக்கே போய் நின்றேன், அண்ணி.

"விடுங்க அக்கா, அவளத் தொந்தரவு பண்ணாதீங்க. அந்த ஊரு பழக்கம் வேற" என்றேன். "பெத்த புள்ளயக் கட்டிக்கினு அழறது தொந்தரவா? இன்னாடி புதுசா பழக்கம் சொல்ற?" என்று அவர் சத்தம் போட்டார். நான் அசரவில்லை. நித்யாவைத் தோளைப் பிடித்து உள் அறைக்கு அழைத்துப்போய், கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றேன். பெண்டுகள் என்னை முறைத்தார்கள். அதன் பிறகு எடுக்கும் வரையிலும் சரி, காரியத்தன்றும் சரி, ஒருத்தியும் அவள் பக்கத்தில் போகவில்லை. நான் விட்டால்தானே? அண்ணி சொன்னதைச் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பெருமைப்பட்டேன் என்று எழுதவே இப்போது கை கூசுகிறது.

காரியம் முடிந்து, அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள். நானும் அவளும் மட்டும் உங்கள் வீட்டில் இருந்தோம். டிவியைப் பார்த்தவள், "அம்மா கடைசியா இன்னா பாத்துக்கினு இருந்தாங்க அத்த?" என்று கேட்டாள். நான் நம் கதை எல்லாவற்றையும் சொன்னேன். தோசைக்கல், ரயில் நிலையத்துப் பெண், மாப்பிள்ளைக்குப் போட்ட போன். அவள் சிரித்தாள்.

"நான் அங்க பிரெஞ்சுப் படமே பாக்கறதில்ல அத்த. வேல முடிஞ்சி வந்தா நம்ம ஊரு சீரியல்தான். அம்மாவும் இத பாப்பாங்கன்னு நெனச்சிக்கினு பாப்பேன்."

நீங்கள் இங்கே அவளைத் தேடிக்கொண்டிருந்தீர்கள். அவள் அங்கே உங்களைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்போதுதான் அவள் கேட்டாள்.

"அத்த, உங்களுக்கு என் மேல கோவமா?"

"எதுக்குடி கோவம்?"

"அன்னிக்குப் பெரியம்மா என்னக் கட்டிக்கிறதுக்கு வந்தாங்க. நீங்க தடுத்துட்டீங்க. அம்மாவத் தனியா உட்டுட்டுப் போனவதானே, இவளுக்கு இன்னா அழுகைன்னு நெனச்சிட்டீங்களோன்னு…"

இல்லடி, இல்லடி என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், அண்ணி. அவளே பேசினாள்.

"அங்க எல்லாரும் நல்லவங்கதான் அத்த. ஆபீஸ்ல பூ குடுத்தாங்க, லீவு எடுத்துக்கோன்னாங்க. அப்பறம் மரியாதயா நகந்துக்கினாங்க. ஃப்ளைட்டுல வர்றப்ப அழுகையா வந்துச்சி. அடக்கிக்கினேன். வீட்டுக்குப் போயிட்டா பெரியம்மா கட்டிக்குவாங்க, அத்த கட்டிக்குவாங்க, அப்ப அழுதுக்கலாம்னு வெச்சிருந்தேன். அழறதுக்குத்தான் அத்த நான் வந்தேன்."

அதைச் சொல்லும்போதும் அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. இறுகிப் போயிருந்தது. நான் கட்டிக்கொண்டேன், அழுதேன். அழுதது நான் மட்டும்தான்.

உங்கள் அக்காவுக்கு போன் பண்ணினேன். என்னோடு பேச மாட்டார் என்று நினைத்தேன். "வாங்க அக்கா, புள்ள இன்னும் அழல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். காரியம் முடிந்த வீட்டில் ஒப்பாரி ஆகாது என்பார்கள். மல்லாட்டைக் காட்டில் கடலைச் செடிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிக்கொண்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் தெருமுனையில் கேட்டது அவர் குரல். "என் தங்கச்சீ… உன் மவள உட்டுட்டுப் போயிட்டியேடி…" சாவு விழுந்த நாள் மாதிரியே, அங்கிருந்தே ஆரம்பித்துவிட்டார். மறுபடி யார் போய்விட்டார்கள் என்று தெருவே பதறி வாசலுக்கு வந்தது.

நித்யா செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். நடுத்தெருவில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டார்கள். அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை எப்படி எழுதுவேன்? உங்களுக்குக் கேட்டிருக்கும். எதிர்வீட்டு அம்மாள் இறங்கி வந்து அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். இந்தத் தடவை நான் குறுக்கே போகவில்லை. நானும் போய் அந்தக் கூட்டத்தில் தலையை நுழைத்துக்கொண்டேன்.

அவள் ஊருக்குப் போன பிறகு அந்தச் சாவு வீட்டுப் படத்தை மறுபடி போட்டுப் பார்த்தேன். தனியாகப் பார்த்ததால் யாருக்கும் தமிழில் சொல்லும் அவசரம் இல்லை. கீழே ஓடும் எழுத்தை விட்டுவிட்டு முகங்களை மட்டும் பார்த்தேன். கல்லறையில் கை கொடுக்கிற பக்கத்து வீட்டுக் கிழவியின் கையை அந்த மகள் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், அண்ணி. கிழவிதான் மெல்ல உருவிக்கொண்டு போகிறாள். இதை நாம் பார்க்கவே இல்லையே. துக்கத்தில் தனியாக விடுவது அவர்கள் வழக்கம் என்று நான் உங்களுக்குப் பாடம் நடத்தினேன். அப்படி விட்டுவிடுகிறோமே என்ற வருத்தத்தில்தான் அந்தப் படத்தையே எடுத்தார்களோ என்னவோ. தட்டைத் துடைத்ததில் நீங்கள் பாதி கண்டுபிடித்தீர்கள். மீதியைக் கண்டுபிடிக்க நாம் சேர்ந்து இன்னொரு தடவை பார்த்திருக்க வேண்டும். யாரோடு பார்ப்பேன் இனிமேல்?

உங்கள் தலைத்திவசத்துக்கு நித்யாவால் வர முடியாதாம், லீவு மிச்சமில்லை. அதனால் நாங்கள் போகிறோம். உங்கள் அக்காவுக்கும் எனக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று. "அந்த ஊருல சத்தம் போட்டு அழலாமா மல்லிகா? பேஜாரு எதுனா ஆவுமா?" என்று அவர் கேட்டார். தெரியவில்லை. உங்கள் படத்துக்கு மாலை போட்டு, படையல் வைத்து, நித்யாவை நடுவில் உட்காரவைத்து, மூன்று பேரும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுவோம் என்று மட்டும் உங்களுக்குச் சத்தியம் செய்கிறேன். அந்த அடுக்குமாடியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கட்டும். நம்மைப் புரிந்துகொள்ள அவர்களும் கொஞ்சம் கஷ்டப்படட்டும், அண்ணி.

உங்கள் மகளுக்கு இனிமேலாவது ஒழுங்கான அத்தையாக இருக்கப்போகிற
உங்கள் நாத்தனார்,
மல்லிகா
விழுப்புரம்