குறைகளின் பக்கத்தை முதலில் படித்தவளுக்கு

நடந்ததை நடந்தபடி எழுதப்போகிறேன். நீ இல்லை என்பதற்காக உன்னைப் புகழ மாட்டேன். எனக்கு வந்த கோபத்தையும் மறைக்க மாட்டேன்.

இன்று மாலையும் பள்ளி லேபில் நம் பேருந்து இணையப் பக்கத்தை ஓடவிட்டதும் திரையில் அதே மஞ்சள் வரி வந்தது. ஒரு வாரமாக வருகிறது. பக்கம் கட்ட நாம் எடுத்த ஆயத்த நிரலின் அடுத்த வெளியீட்டில், நீ எழுதிய பகுதி நம்பியிருக்கும் ஒரு கட்டளை நீக்கப்படும் என்ற எச்சரிக்கை அது. பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாம் என்றால், அதற்கு இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராதாம். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். மஞ்சள் போகவில்லை.

போன வருடம் பிளஸ் ஒன்னில் இதைத் தொடங்கினோம். திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் பக்கம் போகும் டவுன் பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. டியூஷன் முடிந்த பெண்கள் இருட்டும்வரை நிறுத்தத்தில் நிற்பார்கள். பஸ்ஸைப் பார்த்தவர்கள் எங்கே பார்த்தோம் என்று பதிந்தால், மற்றவர்கள் வீட்டு போனில் தெரிந்துகொள்ளலாம். யோசனை உன்னுடையது. அதை எந்த ஃப்ரேம்வொர்க்கில் கட்டுவது என்பதில்தான் சண்டை. இணையப் பக்கம் கட்டுவதற்கென்று யார் யாரோ ஆயத்தமாக எழுதி, எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவைத்த நிரல்கள் ஏராளமாகக் கிடந்தன.

நான் புத்தம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருந்தேன். அதன் கையேட்டை ஒரு வரி விடாமல் படித்திருந்தேன். எதையும் அப்படிப் படிப்பதால்தான் நீ எனக்குப் 'புக்கு' என்று பெயர் வைத்திருந்தாய்.

"ரொம்ப அழகா இருக்குடி. நிமிஷத்துல பக்கம் வந்துடுது."

"அழகா இருக்குன்னு பொண்ணு குடுத்துடுவாங்களா, புக்கு? விசாரிக்க வேணாமா?"

உன் அக்காவுக்கு இரும்பை கிராமத்திலிருந்து வரன் வந்தபோது உன் அத்தை மாப்பிள்ளை வீட்டுப் பக்கமே போகாமல், டீக்கடையிலும் ரேஷன் கடை வரிசையிலும் விசாரித்துவிட்டு வந்த கதையைச் சொன்னாய். "அவங்க வீட்ல கேட்டா நல்ல புள்ளன்னுதான் சொல்வாங்க. கோவம் வந்தா இன்னா பண்றான்னு டீக்கடைக்காரருக்குத்தான் தெரியும்."

அதனால் நீ கையேட்டைத் தொடவே இல்லை. பயன்படுத்துகிறவர்கள் குறைகளைப் பதியும் பக்கத்துக்கு நேராகப் போனாய். அதுதான் உனக்கு டீக்கடை. அங்கேயும் நீ தேடியது பெரிய குறைகளை அல்ல. யாராவது அசட்டுத்தனமாக ஏதாவது கேட்டிருக்கிறார்களா என்று பார்த்தாய். என் புதுசில் ஒருவர், கையேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இருப்பதைக் கேட்டிருந்தார். 'படித்துவிட்டு வா' என்று பதில் போட்டு மூடியிருந்தார்கள். நீ எடுக்கச் சொன்ன பழைய ஃப்ரேம்வொர்க்கிலும் அதே மாதிரி ஒரு கேள்வி. ஒருவர் பொறுமையாகப் பதில் எழுதியிருந்தார். இன்னொருவர், 'நிறையப் பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள்' என்று கையேட்டையே திருத்தியிருந்தார்.

"உன்னுதுல எல்லாத்துக்கும் ஒரே ஆளுதான் பதில் சொல்லிக்கினு கீறாரு," என்றாய். "அவருக்கு ஜுரம் வந்தா?"

நான் சிரித்தேன். பழசையே எடுத்தோம். அது சலிப்பாக இருந்தது; கற்க நாளானது. நான் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். வேறொரு கட்டளைக்காக முதல் மஞ்சள் வரி வந்த அன்று நீ குதித்தாய். "எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்றான் பாரு! இதுதான்டி விளைஞ்ச ஆளு."

நீயோ காய்ச்சல் என்று லீவு போட்டாய். அடுத்த வாரம் நீ இல்லை. முன்னாடி சொல்வதைப் பற்றி அவ்வளவு பேசியவள். இந்தக் கோபத்தை உன்மேல் காட்டுவது அபத்தம்தான். ஆனாலும் உன்மேல்தான் வருகிறது.

எச்சரிக்கை வந்த பகுதியை முழுக்க எழுதியவள் நீ. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ எழுதுனத அழிக்கணுமாம்மா?"

"சில வரிய மாத்தணும் ஆன்ட்டி. மாத்தலன்னா என்னிக்காவது நின்னுடும்."

உரிக்கும் கை நிற்கவில்லை. கடலைத் தோடு தட்டில் விழுந்துகொண்டே இருந்தது.

"அந்தப் புள்ளைங்க இன்னும் அதப் பார்த்துக்கினுதானே பஸ்ஸுக்குப் போவுதுங்க? அப்புறம் என்னைய இன்னாத்துக்குக் கேட்டுக்கினு கீற? மாத்து."

என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்கள்.

இன்று மாற்றினேன். நீ எழுதியிருந்த இடத்தில் இப்போது இருப்பது என் வரிகள். பழையவை நிரலின் மாற்ற வரலாற்றில் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று லேபைப் பார்த்துக்கொள்ளும் அக்கா ஆறுதல் சொன்னார். இருக்கட்டும். ஓடுவது அவை இல்லையே.

கல்லூரிகளின் விளம்பரத் தாள்கள் வீட்டில் குவிகின்றன. அப்பா படங்களைப் பார்க்கிறார். அங்கே ஏற்கெனவே படிக்கிறவர்கள் யார், எதற்காகத் திட்டுகிறார்கள், திட்டினால் நிர்வாகம் என்ன சொல்கிறது என்று நான் தேடிக்கொண்டிருக்கிறேன். எதையும் பார்த்தவுடன் நம்ப முடியாமல் செய்துவிட்டாய்.

இதை எழுதும்போதே நம் பேருந்துப் பக்கத்தில் ஒரு பதிவு விழுந்தது. டவுன் பஸ் பெருமுக்கல் தாண்டிவிட்டதாம். பதிந்தவள் பெயர் எனக்குத் தெரியாது. உன்னையும் அவளுக்குத் தெரிந்திருக்காது. மஞ்சள் வரவில்லை. லேப் அக்கா விளக்குகளை அணைத்துவிட்டார்.