எதிரே யாரும் வராத பாதை

என் பிடிவாதக்காரிக்கு,

நேரில் வாயைத் திறந்தால் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பந்தயத் திடலுக்கு நான் வந்ததே உன்னைக் கையோடு வீட்டுக்கு அழைத்துவரத்தான். "வாரம் முழுக்க மருந்துக்கடையில நிக்கிற பொண்ணுக்கு எதுக்கும்மா பைக் ரேஸ்? பரிசுக்கா, பேருக்கா?" என்று கேட்டேன். விழுந்தால் கண்ணாடி சிதறாமலிருக்க ஹெட்லைட்டின் மேல் டேப் ஒட்டிக்கொண்டிருந்த நீ நிமிரவே இல்லை.

"ரெண்டுக்கும் இல்லப்பா. இங்க எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க. எதிர்ல ஒரு வண்டியும் வராது."

உன் தம்பியைக் கொண்டுபோன லாரி எதிரேதான் வந்தது. அதைப் பற்றி அன்றும் நாம் பேசவில்லை.

பிறகு பந்தய உடையில் முதுகைக் காட்டி நின்றாய். "சட்டையையும் பேன்ட்டையும் சேர்க்கிற ஜிப் பின்னாடி இருக்கு, கை எட்டல. இழுத்து விடுப்பா." தடுக்க வந்தவன் குனிந்து இழுத்துவிட்டேன்.

பஸ் ஓட்டுகிறவனுக்கு எதிரே வண்டி வருவது ஒரு செய்தியே இல்லை. ஆனால் நேற்று ஒவ்வொரு வண்டிக்கும் என் கால் பிரேக்குக்குப் போனது. "அண்ணே, இறங்கி நடந்தா சீக்கிரம் போயிடலாம் போலிருக்கே!" என்று கண்டக்டர் கத்தினான். பஸ்ஸே சிரித்தது.

நீ பந்தயத்தை விட்டுவிட்டதாக அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் கேட்டால் காட்டிக்கொடுத்துவிடாதே.

போகாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அடுத்த ஞாயிறு நான் வரும்வரை காத்திரு. அந்த ஜிப் பாதியில் சிக்குகிறது. மற்றவர்கள் அவசரத்தில் இழுத்துப் பிய்த்துவிடுவார்கள்.

உன் அப்பா