நீலக்கவசன் வில்லையும் சுமதி அண்ணியின் எழுத்தும்

என் அன்புள்ள சுமதி அண்ணிக்கு,

நலமா என்று கேட்க முடியாத கடிதம் இது. அதனால் என் நலத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். அலுப்பாக இருக்கிறது அண்ணி. உடம்புக்கு ஒன்றுமில்லை. காலையில் எழுந்ததும் பின்கட்டு ஷெட்டைத் திறக்கவேண்டுமே என்று நினைத்தால்தான் கை கால் ஓய்ந்துபோகிறது.

அண்ணன் பெண்ணாடம் ஆலைக்கு வழக்கம்போலப் போய் வருகிறார். டீயில் சர்க்கரை போடாமல் குடிக்கிறார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்துக்கொண்டு இது என்ன கோலம் என்று கேட்டால் டம்ளரைக் கழுவ எழுந்துவிடுவார். நீங்கள் போனதிலிருந்து ஷெட் பக்கம் அவர் வந்ததே இல்லை. நானும் கூப்பிடவில்லை. வருகிற ஆடியோடு ஒரு வருஷம்.

நம் தொழில் என்னவென்று இது வேறு யார் கைக்காவது போனால் அவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். செராமிக் கம்பெனியில் பொம்மை அச்சு எடுத்துக்கொண்டிருந்த நானும், பீங்கான் சாமான்களில் பேர் செதுக்கிக்கொண்டிருந்த அண்ணியும், பழைய டிவி தொடர் ஒன்றின் வீரன் நீலக்கவசனுடைய மார்பு வில்லையைச் செய்து விற்றோம். உள்ளங்கை அகல நீல வில்லை. அதில் 'அஞ்சேல்' என்று கறுப்பில் நாலு எழுத்து. சின்ன வயதில் அந்தத் தொடரைப் பார்த்து வளர்ந்தவர்கள், இன்று தலை நரைக்கிற வயதில், அதே வில்லை வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். வில்லை வார்ப்பதும் நீல மெருகு பூசுவதும் என் வேலை. எழுத்து உங்களுடையது.

அந்த எழுத்துக்காக நீங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். செல்போனில் தொடரை ஓடவிட்டு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பீர்கள். அவன் பக்கவாட்டில் திரும்பும் ஒரு நொடியில்தான் எழுத்து தெளிவாகத் தெரியும். அந்த ஒரு நொடிக்காக மூன்று நாள் உட்கார்ந்தீர்கள்.

"பாரு கஸ்தூரி, எழுதனவன் அவசரத்துல எழுதியிருக்கான். சே-வோட கொம்பு முழுசா சுழியல, பாதியிலயே நிக்குது."

"அப்ப நாம சரியாப் போட்டுடுவோம் அண்ணி."

"அடி போடி. அவன் வுட்ட தப்ப நாம திருத்தனா அது நம்ம வில்லை ஆயிடும். கேக்கறவங்க அவனோடதுதான கேக்கறாங்க?"

அப்படியே பாதிக் கொம்போடுதான் செதுக்கினீர்கள். தீட்டிய குடைக்கம்பிதான் உளி. அளப்பதற்கு உங்கள் கள்ள அட்டை. ஒரு அங்குலம் என்று போட்டிருக்கும், ஆனால் கடை ஸ்கேலை வைத்தால் அதைவிட நீளமாக இருக்கும். சூளைக்குள் போகிற மண் எட்டில் ஒரு பங்கு இளைத்துத்தான் வெளியே வரும். அதற்குத் தகுந்தபடி பெருக்கிப் போட்ட அளவு அது.

ஒரு விஷயத்தில் மட்டும் நமக்குள் சண்டை. பின்பக்கம் உங்கள் பேரைப் போடுங்கள் என்று நான் எத்தனை தரம் சொன்னேன்? "டிவில வந்ததுல பின்னாடி பேரா இருந்துச்சு? நமக்கு எதுக்கு?" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். நாத்தனார் பேச்சை எந்த அண்ணிதான் கேட்டாள்?

அந்தச் சண்டைதான் இப்போது வேறு வேஷத்தில் வந்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மங்கலம்பேட்டை சலீம் பாய் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கிறார். திரும்பிப் போவதற்குள் ஒரு வில்லை வேண்டும் என்று போன் செய்தார். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. உங்கள் அட்டை தையல் பெட்டிக்குள் இருக்கிறது என்று தெரியும். பெட்டியைத் திறக்க மனசு வரவில்லை. நம்மிடம் மிச்சமிருந்த பழைய வில்லையின் மேல் பட்டர் பேப்பரை வைத்து எழுத்தை ஒற்றியெடுத்து, அதை அப்படியே பச்சை மண்ணில் செதுக்கினேன்.

சிரிக்கிறீர்களா? சுட்டதை அளந்து பச்சை மண்ணில் போட்டால் என்ன ஆகும்? சூளையிலிருந்து எடுத்தபோது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, பெருக்கிய அச்சில் வார்த்ததால் அளவாக வந்த வில்லையின் நடுவே எழுத்து நாலும் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் மண்ணில் கை வைத்தவள் செய்கிற காரியமா இது? சூளை வாசலிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நீங்கள் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

பிறகு பெட்டியைத் திறந்தேன். அட்டையை எடுத்தேன். இரண்டாவது வில்லை சரியாக வந்தது அண்ணி. பாதிக் கொம்பு வரைக்கும் சரி.

சலீம் பாய் பைக்கில் வந்தார். வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடி வில்லையைப் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்குதுக்கா. ஆனா ஒரிஜினல் மாரி இல்லீங்களே."

"எந்த ஒரிஜினலு பாய்?"

"ஷூட்டிங்ல மாட்டியிருந்ததே, அதுங்க. மெட்ராஸ்ல ஒருத்தர்கிட்ட இருக்குது. எங்க ரசிகர் குரூப்புல எல்லாரும் இந்த போட்டோவ வெச்சுத்தான் அசலா, டூப்ளிகேட்டான்னு பாப்பாங்க. இங்க பாருங்க, கடைசி எழுத்து கீழ எறங்கியிருக்குதுல்ல? உங்களுதுல எறங்கல."

போட்டோவை வாங்கிப் பார்த்தேன். மற்ற மூன்று எழுத்தும் வரிசையில் நிற்க, 'ல்' மட்டும் சரிந்து கீழே இறங்கியிருந்தது. தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அது உங்கள் கடைசி வில்லை அண்ணி. பாண்டி ஆஸ்பத்திரியில் கேன்சருக்கு மூன்றாவது ஊசி போட்டு வந்த வாரம். விரல் மரத்துப்போய்விட்டது என்று குடைக்கம்பியில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டீர்கள். மூன்று எழுத்து வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தீர்கள்.

"எறங்கிடுச்சு பாரு."

"வேற மண்ணு வெக்கட்டுமா அண்ணி?"

"வேணாம். இன்னொரு தரம் ஒக்கார முடியாது. குடுத்துடு."

கொடுத்தேன். வாங்கியவர் யாருக்குக் கொடுத்தாரோ, அவர் யாருக்கு விற்றாரோ. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் யாரோ ஒருவர் ஷூட்டிங் சாமான் என்று சொல்ல, ஊர் நம்பிவிட்டது. உங்கள் கை ஓய்ந்த இடம்தான் இன்று அவர்களுக்கு அசலின் அடையாளம்.

சலீம் பாயிடம் மாற்றித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதுதான் சுலபம். ஒரு எழுத்தை இறக்கிப்போட எவ்வளவு நேரம் ஆகும்? புது மண்ணில் 'அ' போட்டேன், 'ஞ்' போட்டேன், 'சே' போட்டேன். 'ல்' வந்ததும் கையை வேண்டுமென்றே தளர்த்தி இழுக்க வேண்டும். இழுத்தேன். பார்த்தால், நோயில் கிடந்த உங்களை நடித்துக் காட்டியதுபோல இருந்தது. எனக்கே அருவருப்பாகிவிட்டது. மண்ணைப் பிசைந்து வாளியில் போட்டேன்.

அவன் விட்ட தப்பையும் எழுதவேண்டும் என்றீர்களே, அது அவனுடைய அவசரம். இது உங்கள் வலி. இரண்டும் ஒன்றா அண்ணி? நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மறுநாள் சலீம் பாய்க்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"குரூப்புல இத சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கக்கா."

"அவங்க நம்ப வேணாம். நீங்க நம்பறீங்களா?"

மெதுவாகக் கேட்டார். "அந்த அக்காவுக்கு ரொம்ப முடியாம இருந்துச்சுங்களா?"

"ஆமாங்க" என்றேன். இத்தனை மாதத்தில் வெளியாள் ஒருவர் உங்களைப் பற்றிக் கேட்டது அன்றைக்குத்தான்.

"எனக்கு எதத் தருவீங்க?"

"டிவில இருக்கற மாரியே தரேன். நீங்க பாத்ததுதான். ஆனா இனிமே பின்னாடி எங்க அண்ணி பேரு இருக்கும்."

"பேரு இருந்தா டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சிடுமேக்கா."

"டூப்ளிகேட்டுதான பாய்."

சிரித்துவிட்டார். "சரி, போடுங்க. அடுத்த வெள்ளிக்கெழம பிளைட்டு, அதுக்குள்ள குடுத்துடுங்க."

இன்று காலை புது வில்லை வார்த்து வைத்திருக்கிறேன். மண் இன்னும் கொஞ்சம் இறுக வேண்டும். ஷெட் வாசலில் உட்கார்ந்து இதை எழுதும்போது அண்ணன் ஆலைக்குக் கிளம்பினார். "என்னா எழுதற?" என்றார். உங்களுக்கு என்றேன். நின்றார். "நான் சர்க்கரை இல்லாம குடிக்கறத எழுதிடாத" என்று சொல்லிவிட்டுப் போனார். எழுதிவிட்டேன், என்ன செய்ய?

பின்பக்கம் பேர் போடக்கூடாது என்ற உங்கள் பேச்சை மீறுகிறேன். திட்டுங்கள். உங்கள் கள்ள அட்டையை வைத்து அளந்து, சூளையில் இளைத்த பிறகும் படிக்கிற அளவுக்கு, 'சுமதி' என்று செதுக்குவேன். இனி இந்த ஷெட்டிலிருந்து போகிற ஒவ்வொரு வில்லையிலும் அது இருக்கும். கை அலுத்தாலும் இருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். யார் கேட்டாலும் அந்த இறங்கிய 'ல்'லை நான் செதுக்க மாட்டேன். இத்தனை வருஷம் நாம் செய்ததெல்லாம் நகல் அண்ணி. அது ஒன்றுதான் அசல்.

கடைசிவரை உங்கள் பேச்சைக் கேட்காத நாத்தனார்,
கஸ்தூரி
விருத்தாசலம்